கீழே கிடப்பவனுக்குக் கேட்கும்

என்னுடைய வேலை புதைந்து கிடப்பது.

வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியாது. சனிக்கிழமைகளில் ராஸ் பனிக்குள் ஒரு பொந்து வெட்டுவான், ஆள் நீளத்துக்கு. நான் உள்ளே போய்ப் படுப்பேன். மேலே பலகை வைத்து, பனியை அள்ளிக் கொட்டி, மிதித்துச் சமப்படுத்திவிடுவார்கள். மூச்சுக்கு ஒரு குழாய், கைக்குள் ஒரு ரேடியோ, கீழே ஒரு மெத்தைத் துண்டு. பிறகு, பழக வந்தவர்கள் என்னைத் தேடுவார்கள்.

ராஸ் நடத்துவது ஒரு பள்ளிக்கூடம். கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்கு நடுவே, ஒரேயொரு பெற்றோல் செட் உள்ள ஊரில். பனிவண்டி ஓட்டுகிறவர்கள்தான் அவனிடம் வருவார்கள். பனிவண்டி என்றால், மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் சில்லுக்குப் பதில் சறுக்குக் கட்டையும் பின்னால் ரப்பர் பட்டியும் பூட்டிய சாமான். பாதை இல்லாத மலைக்குள் அதில் ஏறித் திரிவதில் அவர்களுக்கு ஒரு பைத்தியம். மலையில் பனி சரிந்தால் லொறி லொறியாக வந்து மூடும். அந்த நேரம் ஆம்புலன்சுக்குப் போன் அடித்துப் பயனில்லை. அது வந்து சேர முன்னம் மூச்சு நின்றுவிடும். கூட வந்தவன்தான் கிண்டி எடுக்க வேண்டும். அதைத்தான் ராஸ் பழக்குகிறான். ஆளின் நெஞ்சில் கட்டிய பீக்கன் ஓயாமல் சைகை அனுப்பும். மேலே நிற்கிறவன் தன்னுடைய பீக்கனைத் தேடுவதற்கு மாற்றிவிட்டு அந்தச் சைகைக்குப் பின்னால் போய், நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, சவளால் பனியை அள்ளிக் கிண்ட வேண்டும்.

மற்ற இடங்களில் சாக்குக்குள் பீக்கனைப் போட்டுப் புதைப்பார்களாம். சாக்கைக் கிண்டும்போது சிரித்துச் சிரித்துக் கிண்டுகிறார்கள், ஆளைக் கிண்டும்போது கை வேறு மாதிரிப் போகிறது என்பான் ராஸ். அதனால் ஆள் வைத்தான். நான் வேலை செய்த மர ஆலை பூட்டிய வருசம் என்னிடம் வந்து, அடைந்த இடத்தில் கிடக்கப் பயமா என்று கேட்டான். வன்னியில் பங்கருக்குள் கிடந்த ஆளிடம் கேட்கிறான். அங்கே என் மேல் நாலு பேருடைய கால் கிடக்கும். இங்கே தனிய. அது ஒன்றுதான் வித்தியாசம் என்று சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை. வேலை தந்தான்.

பெயர் மயில்வாகனம். இவர்கள் மைக் என்கிறார்கள். எழுபத்திரண்டு வயது. மனைவி ஊரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள், இங்கே வருகிற பேப்பர் முடிய முன்னமே. பிள்ளை குட்டி இல்லை. இந்த ஊரில் என்னைத் தவிரத் தமிழன் இல்லை. இதற்கு மேல் என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. பனிக்குள் கிடக்கிறவனுக்கு மேலே கதைப்பது எல்லாம் கேட்கும். கால் வைப்பது, கம்பி கொளுவுவது, மூக்கு உறிஞ்சுவது எல்லாம். கீழே இருந்து எவ்வளவு கத்தினாலும் மேலே கேட்காது. ஏன் என்று ராஸிடம் கேட்டேன். அவனுக்கும் சரியாகத் தெரியவில்லை, அப்படித்தான் என்றான். நான் இருட்டுக்குள் கிடந்து கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் தூரத்தில் வண்டிச் சத்தம். பிறகு யாரோ “மைக்! மைக்!” என்று கூப்பிடுவது. பிறகு கம்பி பலகையில் டொக்கென்று முட்டும். பனி நீலமாகி, வெள்ளையாகி, ஒரு துவாரம் விழும். துவாரத்துக்குள்ளால் ஒரு முகம் வரும்.

அந்த முகம் எப்போதும் சிரிக்கும். பழக்கம்தான், விளையாட்டுத்தான் என்று தெரிந்தவனும் சிரிப்பான். மீசை வைத்த லொறிக்காரனும் சிரிப்பான். என்னைக் கண்டு ஒரு ஆள் சந்தோசப்படுகிற இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். நான் அந்த வேலைக்குப் போனது அதற்காகத்தான்.

போன வருசம் முன்பனிக் காலத்தில் புதுச் சட்டை வந்தது.

கம்பனியில் இருந்து கொண்டுவந்தவள் தமிழ்ப் பிள்ளை. மிதுலா. ரொறன்ரோவில் பிறந்தவள், கொஞ்சம் யோசித்து யோசித்துத் தமிழ் கதைப்பாள். என்னை அங்கிள் என்றாள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. கம்பனி ஆள் என்றால் அதைவிடப் பிடிக்காது. சும்மா கொண்டுவந்து தருகிறவன் எதையோ எடுத்துக்கொண்டு போகத்தான் வருகிறான்.

சட்டை மெல்லியது, வெஸ்ட் என்பார்கள், ஜக்கெட்டுக்கு உள்ளே போடுவது. அதுவே பீக்கன். நெஞ்சு அடிப்பதையும் மூச்சையும் உடம்புச் சூட்டையும் பார்க்கும். போடுகிறவனின் பெயர், வயது, நோய் வருத்தம், எல்லாவற்றையும் முதலே அதற்குச் சொல்லி வைத்திருப்பார்கள். தேடுகிறவனின் மணிக்கட்டில் ஒரு கண்ணாடித் திரை. அதில் பெயரும் திசையும் தூரமும் வரும். நல்ல சாமான் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்தக் கிழமை பழக வந்தவர்களும் தமிழ் ஆட்கள். கல்கரியில் இருந்து மூன்று பேர், ஊரில் ஒரே ஒழுங்கைக்காரர். நிரோஜன், பவன், ரூபன். நிரோஜனுக்கு லொறிகள் ஓடுகின்றன. முப்பத்துநாலு வயது, பெரிய சிரிப்பு, பெரிய வண்டி. வந்து இறங்கியதும் ராஸுக்குக் கை கொடுக்க முன்னம் என்னிடம் வந்தான்.

“அண்ணை எந்த இடம்?”

சொன்னேன்.

“அட, அம்மாவின்ர ஊருக்குப் பக்கத்தில. இஞ்ச என்ன அண்ணை செய்யிறியள்?”

“நீ கிண்டி எடுக்கிற பிணம் நான்தான்.”

பவன் விழுந்து விழுந்து சிரித்தான். நிரோஜன் சிரிக்கவில்லை. காருக்குள் போய் ஒரு பார்சலைக் கொண்டுவந்து தந்தான். புட்டும் மாசிச் சம்பலும். இவன் எதற்கு எனக்குப் புட்டுத் தருகிறான் என்று யோசித்துக்கொண்டே தின்றேன். பணக்காரன் கொஞ்சம் நல்லவன் வேசம் போட்டுப் பார்க்கிறான் என்று முடிவு செய்தேன்.

மிதுலா இரண்டு பேரைப் புதைக்க வேண்டும் என்றாள். ஒரு பொந்தில் நான், கொஞ்சம் தள்ளி இன்னொன்றில் ரூபன். நிரோஜனும் பவனும் தேட வேண்டும். நான் வழக்கம்போலக் கிடந்தேன். வண்டிச் சத்தம் வந்தது. கால் சத்தம் வந்தது. என் தலைக்கு மேலாலேயே நடந்து போனார்கள். நிற்கவில்லை. அந்தப் பக்கம் சவள் போடுகிற சத்தம். பிறகு ரூபன் வெளியே வந்து பகிடி விடுகிறான், பவன் படம் எடுக்கிறான், “மூக்கைத் துடையடா, மனிசி பாக்கப் போறாள்” என்கிறான். எல்லாம் கேட்டது. ஒருவனும் மைக் எங்கே என்று கேட்கவில்லை.

முன்பெல்லாம் ராஸின் முதற் பாடமே அதுதான். சரிந்த பனி நின்றதும் ஆளை எண்ணு, யார் இல்லை என்று உரத்துக் கேள். இப்போது எல்லாரும் மணிக்கட்டைப் பார்த்தார்கள்.

கடைசியில் என்னை எடுத்தது நிரோஜன். அவனுடைய முகத்திலும் சிரிப்பு வந்தது, ஆனால் அரைவாசியில் நின்றுவிட்டது. நான் எப்படிப் பார்த்தேனோ தெரியாது.

மத்தியானம் மிதுலாவை வண்டிக் கொட்டகைக்குள் பிடித்தேன். நான் ஸ்பானரோடு நின்றேன், அவள் கோப்பிக் கோப்பையோடு நின்றாள்.

“பிள்ளை, நான் கிட்டக் கிடந்தன். அவன் எட்டக் கிடந்தான். ஏன் என்னைத் தாண்டிப் போனவங்கள்?”

“அங்கிள், ரெண்டு பேருக்கு மூச்சு இல்லாம போகுது, கிண்டுறதுக்கு ஆக்கள் காணாது எண்டா, வெஸ்ட் கணக்குப் பாக்கும். ஆருக்குத் தப்புற சான்ஸ் கூட எண்டு. அவரின்ர சிக்னலை மட்டும் காட்டும். அவரை எடுத்தாப் பிறகு மற்றவரைக் காட்டும்.”

“மற்றவனை மறைக்குமோ?”

“மறைக்கிறது இல்ல... மியூட் பண்ணும்.”

“ரெண்டும் ஒண்டுதான்.”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு கதைத்ததை அவள் அடிக்கடி கதைக்கிறவள் இல்லை என்று தெரிந்தது. தமிழ் சரியாக வராமல் நின்று நின்று வந்தது. அவளுடைய சிநேகிதியும் சிநேகிதியின் புருசனும் ஒரு சரிவில் புதைந்தார்களாம். மேலே நின்றது இவள் ஒருத்தி. பீக்கன் இரண்டும் கூவுகின்றன. ஒன்றைக் கொஞ்சம் கிண்டினாளாம். மற்றது கூவுவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் அங்கே ஓடினாளாம். திரும்ப இங்கே ஓடினாளாம்.

“ரெண்டு பேரையும் நான் எடுத்தனான் அங்கிள்,” என்றாள். “ரெண்டு பேரும் இல்ல. ஒரு சத்தம் மட்டும் கேட்டிருந்தா ஒரு ஆள் இருந்திருக்கும். அதுதான் இதைச் செய்தனான். தெரிவு செய்யிறது ஒரு மனிசர் செய்யிற வேலை இல்ல.”

பொய் சொல்கிறவள் இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பொய் என்றால் ஏசிவிட்டுப் போகலாம்.

“அப்ப எனக்கு எழுவத்தொண்டு. எந்தக் காலத்திலயும் நான் பிறகுதான். அப்பிடியோ?”

“எப்பவும் இல்ல. உங்களோட விழுந்தவருக்கு இன்னும் மோசம் எண்டா...”

“என்னோட வாறவன் எல்லாம் பொடியங்கள் பிள்ளை.”

கொட்டகை வாசலில் நிரோஜன் நின்றதை அப்போதுதான் கண்டேன். எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது. கையுறை எடுக்க வந்தவன் எடுக்காமலே போனான்.

அடுத்த கிழமை கடைசிப் பாடம். உண்மையான மலைக்குள் போவது. ராஸ் முன்னால், மூன்று பொடியன்கள் நடுவில், நான் கடைசியில், பழைய வண்டியில் பெற்றோலும் முதலுதவிச் சாமானும் கட்டி இழுத்துக்கொண்டு. மிதுலா கீழே பள்ளிக்கூடத்தில் நின்று தன் கண்ணாடித் திரைகளைப் பார்ப்பாள்.

புறப்பட முன்னம் நிரோஜன் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டான். ஜக்கெட்டைத் திறந்து, தன் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றான். அந்தக் குளிரில்.

“கழட்டுங்கோ அண்ணை.”

“என்னத்தை?”

“உங்கட சட்டையை. மாத்துவம்.”

“உனக்கென்ன விசரோ?”

“போன கிழமை உங்கட தலைக்கு மேலால நடந்து போனனான். எனக்கு அது சரியாப் படேல்ல. எங்கட வீட்டில மூத்த ஆக்களுக்குப் போட்டிட்டுத்தான் மற்ற ஆக்களுக்குப் போடுறது. உங்களைப் பசியில விட்டிட்டு நான் சாப்பிடுறதோ?”

“இது சோறில்லையடா.”

“ராஸுக்குச் சொன்னா விடமாட்டான். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. ஒண்டும் நடக்கப்போறேல்ல அண்ணை. நடந்தா முதல் உங்களை எடுக்கட்டும். நான் இளம் உடம்பு, கொஞ்சம் நிண்டு பிடிப்பன். கெதியாக் கழட்டுங்கோ, விறைக்குது.”

நான் அவனை நம்பவில்லை என்று முதலே எழுதிவிட்டேன். அந்த நிமிசத்திலும் இதில் இவனுக்கு என்ன லாபம் என்றுதான் தேடினேன். தேடிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. கழற்றிக் கொடுத்தேன். அவனுடையதைப் போட்டபோது அது சூடாக இருந்தது. அவனுடைய உடம்புச் சூடு. இன்னொரு ஆளின் சூடு என் நெஞ்சில் பட்டு எத்தனை காலம் என்று அப்போது நினைத்தேன், வேறு எதையும் நினைக்கவில்லை.

வாசலில் ராஸ் சரி பார்த்தான். ஒவ்வொருவராக அவனைக் கடந்து போக, அவனுடைய மணிக்கட்டில் பச்சை விழுந்தது. எல்லாப் பெயரும் வந்தது, எல்லாம் பச்சை. சட்டைக்கு நெஞ்சு அடிப்பது தெரியும். யாருடைய நெஞ்சு என்று தெரியாது.

மலைக்குள் நல்ல வெயில். புதுப் பனி. பொடியன்கள் ரேடியோவில் ஒருவனை ஒருவன் நக்கல் அடித்துக்கொண்டு வந்தார்கள். பவனுடைய வண்டி ஆட்டோ மாதிரி இருமுகிறது என்றான் ரூபன். ராஸுக்கு ஒன்றும் விளங்காது, ஆனால் அவனும் சிரித்தான்.

ஒரு பெரிய சரிவின் அடியைக் குறுக்கே கடக்க வேண்டி இருந்தது. ராஸ் நிறுத்திச் சொன்னான். ஒருவர் ஒருவராகப் போக வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது. ஒருவன் மாட்டிக்கொண்டால் மற்றவன் உதவிக்குப் போகக் கூடாது. இதை இரண்டு தரம் சொன்னான். பனிவண்டிக்காரர் சாவது பெரும்பாலும் அப்படித்தானாம். முதல்வன் புதைந்த வண்டியை இழுத்துக்கொண்டு நிற்பான், இரண்டாமவன் கை கொடுக்கப் போவான், இரண்டாவது வண்டியின் பாரத்தில் மலை அறும். நிரோஜன் இதைத் தமிழில் எல்லாருக்கும் திருப்பிச் சொன்னான். அவன்தான் சொன்னான்.

அவர்கள் நாலு பேரும் கடந்து அந்தப் பக்க மரங்களுக்குள் நின்றார்கள். நான் புறப்பட்டேன். நடுவில் வந்ததும் பின்னால் கட்டிய பாரம் இழுத்தது, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு புதைந்தது. இறங்கிப் பனியைத் தள்ளினேன். கையை உயர்த்திக் காட்டினேன், வராதே என்று. அந்தக் கையை அவர்கள் எப்படி எடுத்தார்களோ. எங்கள் ஊரில் ஒரு வயதுபோன மனுசன் கை காட்டினால் வா என்றுதான் அர்த்தம் எடுப்பார்கள். வராதே என்று காட்டினாலும் வெட்கத்தில் சொல்கிறார் என்று நினைத்து வருவார்கள்.

ரேடியோவில் ராஸ் நில் நில் என்று கத்துவது கேட்டது. அதற்குள் நிரோஜனின் குரல்.

“அண்ணை தனிய நிண்டு இழுக்கிறார். பாத்துக்கொண்டு நிக்கிறதோ?”

அவனுடைய பெரிய வண்டி என்னை நோக்கி வந்தது. இரண்டு பனை உயரத்துக்கு மேலே மலையில் ஒரு கோடு ஓடியது, கத்தியால் கீறியதுபோல. சத்தம் பிறகுதான் வந்தது.

பொந்துக்குள் கிடப்பது வேறு, இது வேறு. நான் அத்தனை வருசம் பழகியது ஒன்றுக்கும் உதவவில்லை. உருட்டியது, நிறுத்தியது, நின்றதும் பனி சீமெந்துபோல இறுகியது. விரலை அசைக்க முடியவில்லை, ரேடியோவைத் தொட வழியில்லை. முகத்துக்கு முன்னால் ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு இடம். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியவில்லை. நான் பயப்படவில்லை என்று எழுதினால் அது பொய்.

பிறகு கேட்கத் தொடங்கியது.

கால்கள். ராஸ் இங்கிலீசில் கத்துகிறான். பவனுடைய குரல், அழுகிறதுபோல. தூரம் சொல்கிறார்கள். குறைகிறது. என் பக்கம் வருகிறார்கள். நேரே என் பக்கம், ஒரு பக்கமும் திரும்பாமல். எனக்குள் ஒரு சந்தோசம் எழும்பியது. அதை மறைத்து என்ன. இந்த முறை என்னைத் தாண்டிப் போகவில்லை என்று.

கம்பி என் தோளில் குத்தியது. சவள்கள் விழத் தொடங்கின.

“நிரோ!” என்று பவன் கூப்பிட்டான். “நிரோ, பயப்பிடாதை மச்சான். வந்திட்டம். மூச்சை மெல்ல எடு. வந்திட்டமடா.”

மணிக்கட்டில் அந்தப் பெயர்தானே விழுந்திருக்கும்.

நான் இல்லை என்று கத்தினேன். நான் அவன் இல்லை, அவனை மறைத்து வைத்திருக்கிறது, என் சட்டை அவனிடம், போங்கள், அங்கே போங்கள். வாய்க்குள் பனி போனது. துப்பிவிட்டுக் கத்தினேன். என் சத்தம் என் காதிலேயே சரியாக விழவில்லை. மேலே ரூபன் கேட்டான், மயிலண்ணை எங்கே, அவரையும் தேட வேண்டாமா என்று. பவன் சொன்னது ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது.

“அவரைக் காட்டேல்ல. முதல் இவனை எடு. அவர் பாவம், வயசுபோன மனுசன். இவனுக்குச் சின்னப் பிள்ளையள் ரெண்டடா. கிண்டு.”

அவன் சொன்னது பிழை இல்லை. நான் மேலே நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான் கீழே கிடந்து ஓம், அதுதான் சரி, ஓம் என்றேன், அவனை எடு, அவனை எடு என்றேன். அவர்கள் என்னைக் கிண்டிக்கொண்டே இருந்தார்கள். மூன்று சவள், எவ்வளவு பலத்தோடு. ஒரு மனிதனை எடுக்க மூன்று பேர் அப்படிக் கிண்டி நான் கேட்டதே இல்லை. என் காலத்தில் என் பெயருக்கு யாரும் அப்படிக் கிண்டியிருக்க மாட்டார்கள்.

பனி நீலமானது. வெள்ளையானது. துவாரம் விழுந்தது. பவனுடைய முகம் வந்தது.

சிரித்துக்கொண்டுதான் வந்தது. கண்ணீரும் சிரிப்புமாக. என்னைக் கண்டதும் அந்தச் சிரிப்பு நின்றது. வாய் அப்படியே திறந்து கிடக்க, சிரிப்பு மட்டும் போய்விட்டது. இவன் ஏன் இங்கே என்று அந்த முகம் கேட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

“என்ர சட்டை அவனிட்ட,” என்றேன்.

பவன் அப்படியே பனிக்குள் குந்திவிட்டான். ராஸுக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. என் தலையும் நெஞ்சும் வெளியே வந்ததும், கணக்கில் ஒரு ஆள் முடிந்துவிட்டது. மூன்று பேருடைய மணிக்கட்டும் ஒன்றாகக் கூவியது. அடுத்த பெயர் விழுந்தது. மயில்வாகனம்.

அவன் தூரத்தில் இல்லை. என்னிடம் வந்த வழியில் அவனைக் கடந்துதான் வந்திருந்தார்கள். ஆழத்திலும் இல்லை, ஒரு முழம்தான். பழைய பீக்கன் என்றால் கிட்டக் கிடக்கிறவனை முதல் காட்டும். சவள்கூடத் தேவைப்படவில்லை, கையாலேயே எடுத்தோம். நானும் காலை இழுத்துக்கொண்டு போய்க் கையால் கிண்டினேன். ராஸ் அவனுடைய வாயில் ஊதினான், நெஞ்சில் அழுத்தினான், வெயில் மலைக்குப் பின்னால் போகும்வரை நிறுத்தவில்லை. அவனுடைய ஜக்கெட்டுக்குள் என் சட்டை குளிர்ந்துபோய் இருந்தது.

அவனுக்கும் எல்லாம் கேட்டிருக்கும். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, பயப்படாதே என்றது, கால்கள் அவனுக்கு மேலால் நடந்து போனது.

கல்கரியில் செத்த வீட்டுக்குப் போனேன். அவனுடைய மனைவி எனக்குக் கோப்பி கொண்டுவரச் சொன்னாள். பவன் வேறு அறையில் இருந்தான், நான் புறப்படும்வரை வெளியே வரவில்லை.

மிதுலா ஒரு மாதம் கழித்து வந்தாள். மெலிந்துபோய் இருந்தாள். அதே கொட்டகை. இந்த முறை கோப்பி இல்லை.

பொலிசில் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறதாம். ஆனால் சட்டைகளின் கணக்கு வேறு இடத்தில், கம்பனியில் இருக்கிறது. அங்கே அன்றைக்கு விழுந்தது விழுந்தபடியே கிடக்கிறது. இரண்டு பேர் புதைந்தார்கள். முப்பத்துநாலு வயதுக்காரனை முதல் எடுத்தார்கள், அவன் உயிரோடு இருக்கிறான். எழுபத்தொரு வயதுக்காரனைப் பிறகு எடுத்தார்கள், அவன் இல்லை.

“அப்ப மிசின் சொன்னது சரி எண்டு வருது,” என்றேன்.

“ஓம்.”

“அதை வைச்சு இன்னும் படிக்குமோ அது?”

“படிச்சிட்டுது அங்கிள். எல்லா வெஸ்டும் அந்த ஒரே கணக்கில இருந்துதான் படிக்கும்.” அவள் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “லோயர்மார் ஒண்டையும் தொட வேண்டாம் எண்டினம். வழக்கு வந்தா நாங்கள் அழிச்சம் எண்டு வருமாம். நான் கத்திப் பாத்தன். வேலையை விடுறன் எண்டும் சொல்லிட்டன். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா, நான் களவா எண்டாலும் உள்ள போய் மாத்துவன். ரெண்டு பேரையும் சரியான இடத்தில போடுவன்.”

நான் யோசித்தேன். நான் கம்பனியை நம்புகிறவன் இல்லை, அவளைக் கொஞ்சம் நம்பினேன். அவள் மாற்றினால் கணக்கு நேராகும். உலகத்தில் எங்கேயோ ஒரு கிழவனை ஒரு மயிரளவு முன்னால் தள்ளும். அவளே சொன்னாள், ஒரு மயிரளவுதான், ஆயிரம் பேருக்குள் ஒரு கதை. ஆனால் நேராக்கினால் ஒரு இடத்தில் நிரோஜன் சாக வேண்டும்.

“கிடக்கட்டும் பிள்ளை,” என்றேன்.

“ஏன்?”

“ஒரு இடத்தில எண்டாலும் பொடியன் இருக்கட்டும்.”

அவள் அழுதாள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

இந்த வருசமும் பனி விழுந்துவிட்டது. ராஸ் என்னை வேலைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னான், என் நன்மைக்காக. நான் கேட்கவில்லை. எனக்கென்று புதுச் சட்டை பதியப் போனபோது மிசின் ஏற்கவில்லை. அப்படி ஒரு ஆள் முடிந்துவிட்டார் என்றது. பரவாயில்லை, என்னிடம் சட்டை இருக்கிறது என்று ராஸிடம் சொன்னேன். அவன் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சரி என்றான்.

சனிக்கிழமைகளில் பொந்துக்குள் போகிறேன். பலகை வைத்து மூடுகிறார்கள். இருட்டு. எட்மன்டன் பொடியன்கள், வெள்ளைக்காரர், என்னை முன்பின் கண்டிராதவர்கள். அவர்களுடைய மணிக்கட்டில் ஒரு பெயர் விழுகிறது. அதை அவர்களுக்கு முழுதாக வாசிக்க வராது. யாரோடு புதைந்தாலும் இப்போது என்னைத்தான் முதல் காட்டுகிறது. சட்டையின் கணக்கில் எனக்கு முப்பத்தைந்து வயது, போன மாதம் பிறந்தநாள் வந்தது.

கால்கள் வருகின்றன. தாண்டிப் போவதில்லை.

“நிரோ!” என்று கத்துகிறார்கள். “நிரோ! நிரோ!”

நான் கீழே கிடந்து ஓம் என்கிறேன். மேலே கேட்காது என்று தெரியும். அவனைக் கண்டெடுக்கும்வரை ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டு கிடக்கிறேன்.